வெதுவெதுன்னுதான் இருக்கு

எங்கள் பெரியப்பாவுக்குச் சுடவே சுடாது என்று நான்காம் வகுப்பு ‘பி’ பிரிவில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கொதிக்கிற தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார் என்றேன். சிலர் நம்பினார்கள். நம்பாதவர்களுக்காக, அந்த ஆவியில் அவருடைய மூக்குக்கண்ணாடியே மறைந்துபோகும் என்று சேர்த்துச் சொன்னேன். மூக்குக்கண்ணாடி விஷயம் மட்டும் கொஞ்சம் மிகை.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சாந்தோமில் கடலை நோக்கிப் போகும் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில், அப்பா, அம்மா, பெரியப்பா, நான் என்று நான்கு பேர் இருந்தோம். பெரியப்பா ஒரு பையன்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டர். அவர் விசிலை எடுத்து உதட்டில் வைக்கும்போதே மைதானம் அடங்கிவிடும் என்பார்கள். ஐம்பத்தாறு வயதிலும் எங்கள் மாடிப்படியை இரண்டிரண்டாகத்தான் ஏறுவார். சர்க்கரை இருந்தது, மாத்திரை போடுவார், ஆனால் அதைப் பற்றிப் பேசமாட்டார். வீட்டில் அந்த வியாதி ஒரு தூரத்துச் சொந்தக்காரரைப் போல இருந்தது. இருப்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் விசாரிப்பதில்லை.

அந்த வருடம் டிசம்பரில் அப்பா ஒரு கெய்சர் வாங்கினார். சென்னையில் கெய்சர் எதற்கு என்று கேட்கலாம். மார்ச் மாதத்து மத்தியானம் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியில் வெந்த தண்ணீர் தானாகவே வந்து கையைச் சுடுகிற ஊர் இது. ஆனால் எங்கள் கட்டடத்தில் மற்ற ஐந்து வீட்டிலும் கெய்சர் வந்துவிட்டிருந்தது. அப்பாவுக்கு அந்தக் காரணமே போதுமானதாக இருந்தது.

சுவரில் மாட்டிக்கொடுக்க வந்த எலெக்ட்ரீஷியன் அதன் அடிப்பக்கத்தில் இருந்த ஒரு கறுப்புத் திருகைக் காட்டினார்.

“இத்த ஃபுல்லா திருப்பி வுட்டுடு சார். சும்மா கொதிக்கக் கொதிக்க வரும். பாதில வச்சுக்கினா, அப்பால சூடே இல்லன்னு என்னாண்டதான் வருவ.”

“வாங்கினதே சுடுதண்ணிக்குத்தானே?” என்றார் அப்பா. திருகு கடைசிவரை போய் நின்றது.

அம்மா குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் லேப் அசிஸ்டெண்ட். அமிலம், அடுப்பு, கண்ணாடிக் குழாய் இவற்றோடு பதினைந்து வருடம் பழகியவள்.

“இதுல நம்பர் ஒண்ணும் போடலையே?” என்றாள்.

திருகைச் சுற்றி எண்களே இல்லை. மெல்லியதாகத் தொடங்கி வரவரத் தடித்துக்கொண்டே போகும் ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. “தடியா இருந்தா சூடு ஜாஸ்தின்னு அர்த்தம்மா” என்று எலெக்ட்ரீஷியன் விளக்கினார். அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்று கேட்காமல் விட்டதைப் பற்றி அவள் பல வருடம் தன்னையே திட்டிக்கொண்டாள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

கெய்சர் வந்ததில் பெரியப்பாவுக்குத்தான் உண்மையான சந்தோஷம். பள்ளி முடிந்து நாலு மணிக்கு வந்ததும், நீல நிற பிளாஸ்டிக் டப்பில் சுடுதண்ணீர் பிடித்து, ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு, முக்காலியில் உட்கார்ந்து காலை அமிழ்த்திக்கொள்வார். கால் மரமரவென்று இருப்பதாகவும், சூடு பட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்வார். டப்பை நிரப்புவது என் வேலை. ஸ்டூலில் ஏறி சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, பிறகு பக்கெட்டிலிருந்து பச்சைத் தண்ணீரை மக்கில் மொண்டு ஊற்றுவேன். பாதிக்குப் பாதி.

ஒவ்வொரு நாளும் காலை வைப்பதற்கு முன்னால் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“பாப்பா, கையை விட்டுப் பாரு. எப்படி இருக்கு?”

நான் கையை விட்டுப் பார்ப்பேன். அது ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தேன். எனக்குச் சுருக்கென்று இருக்கும்போதுகூட அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் வராது. நான் விரலை எடுத்துக்கொண்டு ஊதுவேன், அவர் அதே தண்ணீரில் இரண்டு காலையும் இறக்கிவிட்டு செய்தித்தாளைப் பிரிப்பார். யாரும் இல்லாத நேரத்தில் நானும் பயிற்சி செய்து பார்த்தேன். குழாயடியில் விரலை வைத்துப் பத்து வரை எண்ண வேண்டும் என்று திட்டம். இரண்டைத் தாண்ட முடியவில்லை. பெரியப்பாவின் மேல் இருந்த மதிப்பு இன்னும் கூடியது.

தவக்காலம் வந்தது. எங்கள் கோயிலில், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் மாலைப் பூசையில் பாதம் கழுவும் சடங்கு உண்டு. இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் பன்னிரண்டு பேரின் வலது காலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருப்பது பெரிய கௌரவம். அந்த வருடம் பெரியப்பாவின் பெயரும் இருந்தது. பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தபோது அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், யாரும் எதுவும் கேட்காமலேயே, “நான் ஒண்ணும் கேட்டு வாங்கல” என்றார்.

சாமியார் கழுவப்போகிற கால்களை, கால்களுக்குச் சொந்தக்காரர்கள் அதற்கு முன்பே ஒரு வாரமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது எங்கள் பங்கில் வழக்கம். அழுக்குக் காலோடு போனால் ஊர் என்ன சொல்லும்? பெரியப்பாவும் குதிகால் தேய்க்க நுரைக்கல் வாங்கி வைத்தார். நகம் வெட்டினார். ஊறவைப்பது இன்னும் ஐந்து நிமிடம் கூடியது.

புனித வாரத்தில் செவ்வாய்க்கிழமை. பரீட்சைக்கு நடுவே விடுமுறை. என் பக்கத்து பெஞ்சில் உட்காரும் ரெஜினா, கணக்குப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெரியப்பா காலை வைப்பதைக் கண்ணால் பார்க்கத்தான் அவள் வந்தாள். என்னை நம்பாதவர்களில் அவள்தான் தலைவி.

நான் குளியலறைக்குப் போய் டப்பை நிரப்பினேன். பாதி நிரம்பியதும் பச்சைத் தண்ணீர் மக்கைக் கையில் எடுத்தேன். ரெஜினா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பச்சத்தண்ணி கலந்தா யாரு வேணாலும் காலை வைப்பாங்க” என்றாள்.

மக்கைக் கீழே வைத்துவிட்டேன். டப் நிறையும்வரை சுடுதண்ணீரையே விட்டேன். கடைசியில் மனசு கேட்காமல் ஒரே ஒரு மக் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். உப்பைப் போட்டேன். டப்பை யாரும் தூக்க வேண்டியதில்லை, முக்காலி குளியலறை வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

பெரியப்பா வந்து உட்கார்ந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்தார். அவர் கண் தண்ணீரின் மேல் இல்லை, என் மேல் இருந்தது.

“எப்படி இருக்கு பாப்பா?”

நான் விரல் நுனியை விட்டேன். தேள் கொட்டியது போல இருந்தது. கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“வெதுவெதுன்னுதான் இருக்கு பெரியப்பா.”

அவர் இடது காலை உள்ளே வைத்தார். முகம் மாறவில்லை. ரெஜினாவைப் பார்த்து, “நீ எந்த கிளாஸ்ம்மா? கணக்குல எவ்வளவு வாங்குவ?” என்று விசாரித்தார். அவள் வாயைத் திறந்தபடி டப்பையே பார்த்தாள். பெரியப்பா வலது காலைத் தூக்கினார். அந்த நேரத்தில் ஹாலில் அவருடைய செல்போன் அடித்தது. வலது காலைத் தரையிலேயே வைத்து, இடது காலை வெளியே எடுத்து, ஈரத் தடம் பதிய ஹாலுக்குப் போனார். ஐந்து மணிக்கே சடங்குக்கு ஒத்திகை என்று, கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் கூப்பிட்டிருந்தார். நேரமாகிவிட்டதென்று அவசரமாகக் காலைத் துடைத்து, சாக்ஸ், ஷூ போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். இரண்டிரண்டு படியாக.

“நெஜமாவே சுடல” என்றாள் ரெஜினா மெதுவாக. அந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்றைக்கு எதையும் கொடுத்திருப்பேன்.

மறுநாள் காலையில் துணி ஊறவைக்கும்போது அம்மாவின் கையில் பெரியப்பாவின் சாக்ஸ் ஒன்று அகப்பட்டது. நுனிப் பக்கம் மஞ்சளாக நனைந்து, காய்ந்து, விறைத்துப் போயிருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பெரியப்பாவின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

“மாமா, காலைக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்லம்மா. ஷூ கடிச்சிருக்கும்.”

“காட்டுங்க மாமா.”

பி.டி. மாஸ்டர் காலைக் காட்டினார். இடது பாதத்தின் மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொப்புளம். விரல்களின் மேல் இரண்டு உடைந்து, தோல் உரிந்து, ஈரமாக இருந்தது.

“வலிக்கலையா?” என்றாள் அம்மா.

பெரியப்பா யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தாரா, வலிக்கிறதா என்று யோசித்தாரா, தெரியாது. “இல்லம்மா” என்றார்.

அம்மா கல்லூரிக்கு போன் செய்து தாமதமாக வருவதாகச் சொன்னாள். என்னைத் தனியாக விட முடியாது என்பதால் நானும் ஆட்டோவில் ஏறினேன்.

மந்தைவெளியில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார். பிறகு தூண்டில் நரம்பு போல மெல்லிய இழை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பெரியப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

“நான் காலைத் தொடும்போதெல்லாம் ‘ஆமா’ன்னு சொல்லுங்க சார்.”

வலது காலில் கட்டைவிரலைத் தொட்டார். அந்த இழை வளைந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாதத்தின் நடுவே தொட்டார். குதிகாலில் தொட்டார். சுண்டுவிரலுக்குக் கீழே தொட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு, ஏழு, எட்டு. பெரியப்பா கண்ணை மூடியபடி, பள்ளியில் கொடிக்கு முன்னால் நிற்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ‘பெரியப்பா, தொடறாரு!’ என்று கத்த வேண்டும் போல இருந்தது.

“ஆரம்பிங்க டாக்டர்” என்றார் பெரியப்பா. “‘ஆமா’ சொல்லத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சர்க்கரையால் பாதத்து நரம்புகள் செத்துப்போயிருந்தன. சூடும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. “எவ்வளவு நேரம் கால் தண்ணில இருந்துச்சு?” என்று டாக்டர் கேட்டார். போன் வந்ததால் உடனே எடுத்துவிட்டதாகப் பெரியப்பா சொன்னார். “அந்த போன் பண்ணவரு நல்லா இருக்கட்டும்” என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்குமாம். இனிமேல் காலை ஊறவைக்கவே கூடாது. புண் ஆறியதும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, தினமும் பார்க்க வேண்டும். “எவ்வளவு நாளா உணர்ச்சி இல்ல?” என்ற கேள்விக்கு மட்டும் பெரியப்பா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே, “ஒரு வருஷம் இருக்கும்” என்றார்.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டதும் எலெக்ட்ரீஷியனைத் திட்டினார், கம்பெனியைத் திட்டினார், கடைசியில் கெய்சரையே கழற்றி எறியப் போவதாகக் குளியலறைக்குள் நுழைந்தார்.

“கழட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் எனக்கு விடுங்க” என்றாள் அம்மா. கைப்பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஒரு பொருளை எடுத்தாள். ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கி வந்திருந்த நீளமான தெர்மாமீட்டர். அதன் நடுவில் தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. என் ரஃப் நோட்டையும் பென்சிலையும் எடுத்துவரச் சொன்னாள்.

முதலில் திருகு கடைசியில் இருக்கும்படியே விட்டு, கெய்சரின் விளக்கு அணைந்ததும் குழாயைத் திறந்து ஒரு சொம்பில் பிடித்து தெர்மாமீட்டரை வைத்தாள். “படி” என்றாள். சிவப்புக் கோடு ஏறிக்கொண்டே போனது. எழுபத்திரண்டு.

பிறகு டப்பை எடுத்து வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

“நேத்து எத்தனை மக் பச்சத்தண்ணி ஊத்தின?”

டப்பை நிரப்பியது யார் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

“ஒண்ணு.”

அம்மா அதே மாதிரி கலந்தாள். “படி.”

“அம்பத்தெட்டு.”

“எழுது.”

எழுதினேன். எண்கள் நோட்டில் கோணலாக விழுந்தன. அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திருகைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, பழைய தண்ணீரை வடித்துவிட்டு, புதிதாகச் சூடாகும்வரை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்படியே நாலு தடவை. அறுபத்தாறு, அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது. ஐம்பதில் அம்மா தன் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து வந்து, திருகிலும் அதற்கு நேராகப் பெட்டியிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள்.

வாசலில் நின்ற அப்பாவுக்கு ஏமாற்றம். “அம்பதா? அதுல டீ கூடப் போட முடியாதே?”

“டீ போட அடுப்பு இருக்கு.”

“சரி, பயமா இருந்தா நாப்பதே வச்சுடேன். இன்னும் சேஃப்தானே?”

“நாப்பதுல நாள்கணக்கா தண்ணி கிடந்தா உள்ள கிருமி குடித்தனம் நடத்தும். அம்பதுங்கிறது நடுவுல ஒரு இடம். கையை வச்சுட்டு, ஐயோன்னு எடுக்க நேரம் கிடைக்கும். எழுபதுல அந்த நேரம் கிடைக்காது.” அம்மா நெயில் பாலிஷ் மூடியைத் திருகினாள். “சனிக்கிழமை சனிக்கிழமை நான் பாத்ரூமைப் பூட்டிட்டு ஃபுல்லா சூடு பண்ணி, கிருமி செத்ததும் மறுபடி பொட்டுக்குக் கொண்டுவந்துடுவேன். வேற யாரும் திருகைத் தொடக்கூடாது.”

“அப்ப அண்ணாவுக்கு அம்பது போதுமா?”

அம்மா குரலைத் தாழ்த்தினாள். “போதாது. அவருக்கு எடுக்கணும்னு தோணாதுல்ல? அவருக்கு முப்பத்தெட்டைத் தாண்டக்கூடாது. டப்புல முதல்ல பச்சத்தண்ணி, அப்புறம்தான் சுடுதண்ணி. ஒவ்வொரு தடவையும் அளந்து பாக்கணும்.”

இதைச் சொல்லும்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டைத் திரும்ப வாங்கி, நான் எழுதிய எண்களைச் சரிபார்த்து, “நல்லா படிச்சிருக்க” என்றாள். அதற்குப் பதிலாக இரண்டு அடி வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பெரிய வியாழன் மத்தியானம். பெரியப்பா பால்கனியில் நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். தனக்குப் பதில் வேறு யாரையாவது வைத்துக்கொள்ளச் சொல்லி உபதேசியாருக்கு போன் செய்யப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டார். வலது கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். கட்டுக்காலோடு பீடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன, ஏது என்று ஊர் முழுக்கக் கேட்கும். அவரிடம் படித்த பையன்கள் பாதிப் பேர் அந்தக் கோயிலில்தான் இருப்பார்கள்.

நான் போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். முன்னால் போகத் தைரியம் வரவில்லை.

“பெரியப்பா, அது வெதுவெதுன்னு இல்ல.”

“எது?”

“தண்ணி. ரொம்ப சுட்டுச்சு. நான் பொய் சொன்னேன். ரெஜினா பாக்கணும்னு.”

கடற்காற்றில் கொடியில் துணிகள் அடித்துக்கொண்டன. அவர் கையைப் பின்னால் நீட்டி என் தலையைத் தேடிப் பிடித்து, முன்னால் இழுத்தார்.

“ஏன் தினமும் உன்னை கையை வச்சுப் பாக்கச் சொன்னேன் தெரியுமா?”

“விளையாட்டுக்கு.”

“எனக்குத் தெரியாததுனால. ஒண்ணுமே தெரியாது பாப்பா. வெறும் கால்ல மணல்ல நடந்தாலும் தெரியாது. சொன்னா ஸ்கூல்ல விசிலைப் பிடுங்கிடுவாங்கன்னு பயம்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நீ ஒரு நாள் பொய் சொன்ன. நான் ஒரு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். இதுல யாரு யாரைத் திட்டறது?”

நான் அழுதேன். அவர் அழவிட்டார். பிறகு போனை எடுத்தார். உபதேசியாரிடம் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அப்பாவைக் கூப்பிட்டு, சீக்கிரம் வரச் சொன்னார். கோயிலுக்குப் போக ஆட்டோ வேண்டும் என்றார்.

எங்களுக்கு முன்பே அம்மா கோயிலுக்குப் போய்விட்டிருந்தாள். அவளைத் தேடி நான் பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனபோது, கைக்குட்டையைப் பிரித்து தெர்மாமீட்டரைக் கையில் பிடித்தபடி உபதேசியாருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வயதானவர்களுக்குக் குளிரக்கூடாது என்று, கெட்டிலில் கொதிக்கவைத்த நீரைக் கலந்து ஜக்கில் வைப்பது அங்கே வழக்கம்.

“வருஷா வருஷம் நான் கையை வச்சுப் பாத்துதாம்மா வைக்கிறேன்” என்றார் உபதேசியார்.

“உங்க கை சூடு தாங்கற கை அண்ணே. பன்னெண்டு பேரு கால் எப்படின்னு நமக்குத் தெரியாதே?” ஜக்கில் தெர்மாமீட்டரை இறக்கினாள். “நாப்பத்தாறு. இன்னும் ரெண்டு சொம்பு பச்சத்தண்ணி விடணும்.”

பூசை உடையை மாட்டிக்கொண்டிருந்த சாமியார் எட்டிப் பார்த்தார். “என்னம்மா நடக்குது?”

“ஒண்ணுமில்ல ஃபாதர். முடிஞ்சுது. முப்பத்தாறு” என்றாள் அம்மா. வேதியியல் ஆய்வகத்தில் மாணவியிடம் சொல்வதைப் போலவே. சாமியார் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். பதினோரு பேர் காலிலும் பவுடர் வாசனை. பெரியப்பா ஏழாவது. வெள்ளை வேட்டிக்குக் கீழே வெள்ளைக் கட்டு. கூட்டத்தில் தலைகள் சாய்ந்து கிசுகிசுத்தன. சாமியார் மண்டியிட்டு அவர் வலது காலை இரண்டு கையாலும் ஏந்தினார். தண்ணீர் விழுந்தது. பெரியப்பா குனிந்து, தன் காலில் தண்ணீர் விழுவதையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பழைய மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “என்ன சார் ஆச்சு? ஃபுட்பாலா?” என்று ஒருவர் கேட்டார். நல்ல பதிலை அவரே கையில் கொடுத்தது போலத்தான். பெரியப்பா ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“இல்லடா. சுகர்ல கால் மரத்துப் போச்சு. சுடுதண்ணில வச்சேன், சுட்டதே தெரியல.” மைதானத்தில் பேசுகிற அதே குரல். நாலு பேருக்குத் தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது.

பன்னிரண்டு பேரில் கடைசியாக உட்கார்ந்திருந்தவர், பக்கத்துக் குப்பத்தில் கட்டுமரம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“வாத்யாரே, எனக்கும் அப்டித்தான் கீது. போன வாரம் சிப்பி குத்திக்கினு ஊடு வரிக்கும் வந்துட்டேன். ரத்தத்தப் பாத்து ஊட்ல கத்துனாங்கோ, அப்பதான் தெரிஞ்சுது. இது இன்னா, ஒரு வியாதியா?”

பெரியப்பா அவரை அங்கேயே படிக்கட்டில் உட்காரவைத்து, டார்ச்சைக் கொண்டுவரச் சொல்லி, அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கிளினிக் இல்லை, சனிக்கிழமை காலை அவரை அதே டாக்டரிடம் அழைத்துப்போனார். ஈஸ்டர் முடிந்த வாரம் பள்ளித் தலைமையாசிரியரிடமும் தானாகவே போய்ச் சொன்னார். விசிலை யாரும் பிடுங்கவில்லை. வெயிலில் வெறும் காலோடு மைதானத்தில் இறங்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்களாம்.

புண் ஆற ஆறு வாரம் ஆனது. மே மாதம் முதல் வாரத்தில் டாக்டர் கட்டை எடுத்துவிட்டு, தினமும் கழுவலாம் என்றார். இரவல் தெர்மாமீட்டரை அம்மா எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டாள். புதிதாக ஒன்று வாங்கி, குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தாள். முதல் நாள் அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

“இவகிட்டயா?” என்றார் அப்பா, எனக்குக் கேட்காது என்று நினைத்து.

பெரியப்பா முக்காலியில் உட்கார்ந்து பேன்ட்டை மடித்துக்கொண்டிருந்தார். “அவளே பாக்கட்டும்டா” என்றார்.

முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். தெர்மாமீட்டரால் கலக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் மக்கால் கலக்கினேன். சிவப்புக் கோடு ஏறி நிற்கும்வரை காத்திருந்தேன். வகுப்புத் தலைவி பேட்ஜ் குத்தியதைப் போல எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாளைக்கு ரெஜினாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு பாப்பா?”

“முப்பத்தேழு பெரியப்பா.”

அவர் தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. அம்மாவைக் கூப்பிடவில்லை. தண்ணீரையும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, இடது காலைத் தூக்கி மெதுவாக உள்ளே இறக்கினார். அப்போது அவருடைய வலது கை முக்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்துப் போயிருந்தன. ஆறு வாரம் காலை நீட்டியே உட்கார்ந்திருந்தாரே, முழங்கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.